பெர்தா சில்வாஷியின் எஞ்சிய ஐம்பது மீட்டர்

கருங்கண்மாய்ப் பேரூராட்சியில் குழாய்நீர் வருவதற்கு மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. முதலாவது, திறந்து வைக்கப்பட்ட இரு கண்கள். இரண்டாவது, அக்கண்களுக்கு எதிரே ஒரு கைபேசி. மூன்றாவது, ஹங்கேரி நாட்டைச் சேர்ந்தவரும் நீச்சற் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றவருமான பெர்தா சில்வாஷி என்னும் அம்மையார். இவற்றுள் முதலிரண்டும் ஊரிலேயே கிடைத்தன.

மூன்றாவதன் தேவை எவ்வாறு எழுந்தது என்பதை விளக்குவது முறையாகும்.

இரண்டாயிரத்து அறுபத்து இரண்டாம் ஆண்டில் மாவட்டமெங்கும் தாகமானி என்னும் கருவி நிறுவப்பட்டது. அதுவரை எந்த ஊருக்கு எவ்வளவு நீர் என்பதை மனுக்களும், சிபாரிசுகளும், சாலை மறியல்களும் முடிவு செய்து வந்தன. மனிதனின் வாய் தாகத்தை மிகைப்படுத்திக் கூறும். கண்பாவையோ மிகைப்படுத்தாது என்பது புதிய கொள்கை. நாள்தோறும் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை ஊரார் தத்தம் கைபேசியில் நீர் சார்ந்த காட்சிகளைக் காண வேண்டும். அப்போது அவர்தம் கண்பாவை எவ்வளவு விரிகிறது என்பதைக் கருவி அளக்கும். ஊர் முழுவதற்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் பிறக்கும். அவ்வெண்ணுக்கு ஏற்பக் குழாய் திறக்கும்.

கொள்கை அளவில் இதில் குறை காண இயலாது. ஆயினும், வாழ்நாளெல்லாம் நீரைக் கண்டிராத கருங்கண்மாய் மக்கள், திரையில் அருவி கொட்டியபோது கண்ணிமைக்காமல், வேற்று வீட்டுத் திருமணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவர்கள் பெற்ற மதிப்பெண் நான்கு. ஆற்றங்கரையில் இருந்த அடுத்த ஊரார் தம் ஊர்ப் படித்துறையைத் திரையில் கண்டு மகிழ்ந்து எழுபத்தொன்று பெற்றார்கள். எனவே கருங்கண்மாய்க்குத் தாகமில்லை என்று கருவி முடிவு செய்தது. அடுத்த ஓராண்டில் பள்ளிக்கூடம் அரைநாளாகச் சுருங்கியது. பிரசவத்துக்கு அரசு மருத்துவமனை செல்லும் பெண் இரண்டு குடம் நீரோடு வர வேண்டும் என்று வாயிலில் எழுதி ஒட்டப்பட்டது.

இந்நிலையில்தான் முத்துராக்கு என்னும் நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி வரலாற்றில் நுழைகிறார். அவர் பேரூராட்சியின் டேங்க் ஆபரேட்டர். அதாவது, மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்து மூடும் பொறுப்பாளர். திறப்பதற்கு எதுவும் இல்லாத காலமாகையால், அவர் ஒரு நாள் காலை வால்வு அறையில் அமர்ந்து, கருவி காட்டிய காட்சிகளைக் கடமைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அருவி சென்றது. கடல் சென்றது. பிறகு, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நீச்சற் போட்டி ஒன்று வந்தது.

அது மல்லாந்து நீந்தும் இருநூறு மீட்டர்ப் போட்டி. ஐம்பது மீட்டர்க் குளத்தில் நான்கு முறை நீந்த வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெர்தா சில்வாஷி மற்ற எழுவரையும் விட மூன்று உடல் நீளம் முன்னே இருந்தார். மூன்றாம் முறை சுவரைத் தொட்டதும் அவர் நின்றார். நீரிலிருந்து இரு கைகளையும் உயர்த்தி, வென்றவராக அவையோரை நோக்கிப் புன்னகை செய்தார். மற்ற எழுவரும் திரும்பி நான்காம் சுற்றை நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா! இன்னும் ஒரு சுத்துக் கெடக்குத்தா! நிக்காதத்தா, ஓடு!" என்று முத்துராக்கு தன்னை மறந்து கூவினார். அதே காட்சியைக் கண்ட வீடுகளிலிருந்தும் கூவல் எழுந்தது.

அருகிலிருந்த குழாய் இருமிற்று. இரண்டாண்டுகளாக வறண்டிருந்த இரும்புக்குள் நீர் பாயும் ஓசை எழுந்தது.

ஜெசிந்தா என்பவர் குடிநீர்த் துறையின் இளநிலைப் பொறியாளர். அவர் மறுநாளே வந்து கருவியை ஆராய்ந்தார்.

"அக்கா, இது தாகத்த அளக்கல. திடுக்குன்னு பதறுறத அளக்குது. கருவியச் செஞ்சவங்களுக்குக் குழாயில தண்ணி வந்திருக்கு போல. தாகம்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சிருக்காங்க" என்றார் அவர்.

"அப்ப சரி பண்ணிற வேண்டியதுதானம்மா?"

"நான் கை வச்சா அது மொதல்ல என்மேலதான் புகார் எழுதும். ஊழலே நடக்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. நேர்மையான கருவிக்கா. அதான் பிரச்சனை."

"வேற யாராச்சும் தண்ணியில விழுகுறது, முங்குறது..."

"முங்குற படம் போட்டா நீங்க கண்ண மூடிக்கிறீங்க. கப்பல் கவுந்தா வேடிக்க பாக்குறீங்க. இந்தப் பொம்பளக்கு மட்டுந்தான் ஊரே பதறுது."

அன்று முதல் கருங்கண்மாயின் ஒன்பதாயிரம் மக்களும் நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு இருபது முறை பெர்தா சில்வாஷியைக் கண்டனர். குழாயடியில் குடத்தை வைத்து இடம் பிடிக்கும் வழக்கம் அவ்வூரில் நெடுங்காலமாக உண்டு. குடம் இருந்தால் அதற்குரியவர் அங்கே இருப்பதாகவே பொருள். அவ்வாறே சிலர் கைபேசியை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குச் சென்று தோசை சுட்டார்கள். கருவி அதனை ஏற்கவில்லை. கண்கள் நேரில் வரவேண்டியிருந்தது.

வெறும் பார்வையும் சில வாரங்களில் பயன் தரவில்லை. எந்தத் துயரமும் இருபது முறை கண்டால் பழகிவிடும். மதிப்பெண் எழுபதிலிருந்து முப்பதுக்கு வீழ்ந்தது. அப்போதுதான் ஊரார், அந்த அம்மையாரை அறிந்துகொண்டாலன்றி அவருக்காகப் புதிதாகப் பதற இயலாது என்று கண்டார்கள். அவர் பழைய நேர்காணல்களைத் தேடிப் படித்தார்கள். அவருக்கு முட்டைக்கோசு பிடிக்காது என்றும், இடத் தோள்பட்டையில் வலி உண்டு என்றும் தெரிந்துகொண்டார்கள். "அந்தத் தோள வச்சுக்கிட்டு மூணு சுத்து வந்துட்டாளே மதினி" என்று ஒருத்தி கூற, "பாவி மக, ஒரு எட்டுத் திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா" என்று மற்றொருத்தி கண்ணீர் சிந்த, எண் எண்பதைக் கடந்தது.

அன்பு பெருகிய இடத்தில் மன்றம் பெருகுதல் இயல்பு. பெர்தா அக்கா நற்பணி மன்றம் மூன்று கிளைகளாகப் பிரிந்து, தங்களுள் எவர் உண்மையானவர் என்று வழக்காடியது. அவ்வாண்டு ஊரில் பிறந்த பதினொரு பெண் குழந்தைகளுள் நால்வருக்குப் பெர்தா என்று பெயரிடப்பட்டது. பேருந்து நிலையத்தில் நாற்பதடி உயர ஃப்ளெக்ஸ் ஒன்று எழுந்தது. அதில் பேரூராட்சித் தலைவர் அங்குச்சாமி இரு கரம் கூப்பி நின்றார். அவருடைய காதருகே, நீச்சல் தொப்பியுடன், தபால்தலை அளவில் பெர்தா சில்வாஷி இருந்தார்.

இருநூற்று இருபது நாட்களில் அந்த ஒரு காட்சி நான்கு கோடி முறை பார்க்கப்பட்டது. உலகில் அவ்வாண்டு மிகுதியாகக் காணப்பட்ட மனிதர் பெர்தா சில்வாஷி என்று இணையத்தின் பட்டியல்கள் அறிவித்தன. அவர் யார், ஏன் காணப்படுகிறார் என்று அறிய உலகமே அக்காட்சியைப் பார்த்தது. பார்த்துச் சிரித்தது.

சித்திரை இருபதாம் நாள் காலை, காட்சியின் அடியில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. மறக்கப்படும் உரிமைச் சட்டத்தின்கீழ், அதில் உள்ள நபரின் வேண்டுகோளை ஏற்று, இப்பதிவும் இதன் எல்லாப் படிகளும் பத்து நாட்களில் உலகெங்கும் அழிக்கப்படும்.

ஊர் அன்று உண்மையாகவே பதறியது. கருவி தொண்ணூற்றாறு காட்டியது. மேல்நிலைத் தொட்டி வழிந்தோடிற்று.

*

அம்மையாரிடம் பேசும் பொறுப்பு முத்துராக்குவுக்கு வழங்கப்பட்டது. "ஒனக்குத்தான் அவுக மேல மொதப் பாத்தியதை. நீதான கண்டுபிடிச்ச" என்றார் தலைவர் அங்குச்சாமி.

அழைப்பை மொழிமாற்றிக் கருவி ஒன்று நடத்திற்று. கேட்பவர் எவ்வட்டாரத்தவரோ அவ்வட்டார வழக்கிலேயே பேசுவது அதன் சிறப்பு. ஆகவே ஹங்கேரியின் திசா ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரத்தில் தம் சமையலறையில் அமர்ந்திருந்த பெர்தா சில்வாஷி, பிறந்தது முதல் இராமநாதபுரத்தை விட்டு நீங்காதவர் போலப் பேசினார்.

"யாருத்தா நீ? ஒங்க ஊர்க்காரவுகளுக்கு வேற சோலியே இல்லையா? நாலு கோடித் தடவ பாத்திருக்கீக!"

"பாத்தோம்க்கா. பொய் சொல்ல மாட்டேன்."

"நீச்சல விட்டுட்டு முப்பத்தஞ்சு வருசம் தபாலாபீசுல குந்தியிருந்தேன். ஒருத்தனும் என்னைய ஏன்னு கேக்கல. நிம்மதியா இருந்தேன். இப்பக் கடையில மீன் வாங்குனா, மீன்காரன் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுறான். போன மாசம் எங்க தெருவுல ஒரு சாவு. பெட்டியத் தூக்கிட்டுப் போனவன் பாதி வழியில எறக்கி வச்சுட்டு, என்னையப் பாத்து ரெண்டு கையையும் தூக்குறான்த்தா! செத்தவன் பொண்டாட்டியும் சிரிக்கிறா! எதுக்குத்தா என்னைய இப்படி ஒலகத்துக்கு இழுத்து விட்டீக?"

முத்துராக்கு உள்ளதைச் சொன்னார். "ஒங்களப் பாத்தாத்தான்க்கா எங்க ஊருக்குத் தண்ணி வருது."

மொழிமாற்றி தயங்கிற்று. "மன்னிக்கவும். இத்தொடர் பொருள்பட அமையவில்லை. அப்படியே மொழிபெயர்க்கலாமா?" என்று கேட்டது.

"அப்படியே சொல்லு" என்றார் முத்துராக்கு.

பிறகு தாகமானியைப் பற்றியும், நான்கு மதிப்பெண்ணைப் பற்றியும், மருத்துவமனை வாயிலில் ஒட்டியிருந்த தாளைப் பற்றியும் அவர் எடுத்துரைத்தார்.

"நீங்களும் சிரிப்பீகளா?" என்று பெர்தா அம்மையார் கேட்டார்.

"சிரிச்சா வராதுக்கா. பதறுனாத்தான் வரும். ஒன்பதாயிரம் பேரு தெனமும் இருவது தடவ ஒங்களுக்காகப் பதறுறோம். எங்க அய்யா செத்ததுக்குக் கூட நான் இம்புட்டுப் பதறல."

அம்மையார் நாற்காலியைத் திரைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்றேன் கேளுத்தா. மல்லாந்து நீந்துறவளுக்கு மேக்கூரதான் தெரியும். செவுரு தெரியாது. செவுருக்கு முன்னால தலைக்கு மேல கொடி கட்டியிருப்பாக. கொடியப் பாத்துட்டுக் கைவீச்ச எண்ணித்தான் செவுத்தத் தொடுவோம். சுத்து எத்தனாவதுன்னு நாமதான் நெனப்பு வச்சிருக்கணும். மூச்சு வாங்கயில எண்ணு தப்பிரும். பேரு தப்பாது. அதுனால சுத்துக்கு ஒரு பேரு வச்சிருந்தேன். எங்க வீட்டுல என்னைய விட்டா நாலு பேரு. லாசி, மார்தா, பிஷ்டா, கதி. கதி கடைசித் தங்கச்சி. அந்த வருசம் பங்குனியில செத்துப் போனா. போட்டி வைகாசியில."

தமிழ் மாதங்களை மொழிமாற்றி தானாகவே கணக்கிட்டுக் கூறியது.

"பிஷ்டா முடிஞ்சுது. அடுத்த பேரு வாயில வரல. அடுத்து யாரும் இல்லைன்னா முடிஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்? கையத் தூக்கிட்டேன்."

"எங்க ஊர்ல நெல்லளக்கயில மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம்க்கா. லாபம்னு சொல்லுவோம். லாபம், ரெண்டு, மூணு. எண்ணிக்கைக்குள்ள ஒரு பேர வைக்கிறது எங்களுக்கும் உண்டு."

"அப்ப ஒனக்குப் புரியுது. மத்தவுகளுக்கு ஏன் புரியல?"

"அவுக வீட்டுல அளக்குறதுக்கு மிசினு இருக்கும்க்கா."

அம்மையார் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு உறுதியாகக் கூறினார்:

"அந்தப் படம் அழிஞ்சே ஆகணும்த்தா. அவுக சிரிக்கிறது கதியப் பாத்து. அவுகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனா ஒங்களுக்குத் தண்ணி வேணும். அதுனால ஒண்ணு செய்யுறேன். இருபத்தொம்பதாந் தேதி காலையில எங்க ஊர்க் கொளத்துல எறங்குறேன். நாலு சுத்தும் நீந்துறேன். எனக்கு அறுவத்திரெண்டு வயசு; மெதுவாத்தான் வருவேன். நேரா பாருங்க, பதிவு பண்ணிக்கங்க. ஒங்க ஊரு மட்டும் பாக்குற மாதிரி பூட்டி வச்சுக்கங்க. காலம் பூராவும் அத வச்சுத் தண்ணி வாங்கிக்கங்க. சரியாத்தா?"

முத்துராக்குவுக்கு அழுகை வந்தது. அவர் அமர்ந்திருந்த வால்வு அறையின் குழாய், அளவீட்டு நேரம் அல்லாதிருந்தும், சற்றே இருமி அதனை உறுதி செய்தது.

*

செய்தியைக் கேட்ட பேரூராட்சி மன்றம் கைதட்டியது. ஜெசிந்தா மட்டும் கைதட்டவில்லை.

"அந்தம்மா நாலு சுத்தும் முடிச்சுட்டா ஒரு சொட்டு வராது" என்றார் அவர்.

"ஏம்மா நல்ல காரியத்துல குறுக்க பேசுற?" என்றார் தலைவர்.

"சார், அவங்க முடிச்சுட்டா உங்களுக்கு என்ன தோணும்? அப்பாடான்னு இருக்கும். கண்பாவை சுருங்கும். கருவிக்கு அப்பாடான்னா தாகம் தீர்ந்திருச்சுன்னு அர்த்தம். ஒன்பதாயிரம் பேரும் ஒரே நேரத்துல அப்பாடான்னா அது சுழியம் காட்டும். சுழியம் வந்தா வால்வ முழுசாப் பூட்டிரும். மறுபரிசீலனை ஒரு வருசம் கழிச்சுத்தான்."

அங்குச்சாமி மீசையைத் தடவினார். அவர் தீயவர் அல்லர். அவருடைய மகள் அம்மாதம் பேறுகாலத்துக்காகப் பிறந்தகம் வந்திருந்தாள்.

"முத்துராக்கு, இங்க வா. அந்தம்மாகிட்டப் பக்குவமாச் சொல்லு. மூணு சுத்து நீந்தட்டும். செவுத்தத் தொட்டதும் போன தடவ மாதிரியே நின்னுரட்டும். ரெண்டு கையையும் தூக்கணும்னு கூட இல்ல. சும்மா நின்னாப் போதும்."

"என்னங்கய்யா பேசுறீக? அதுக்காகத்தான அவுக எறங்குறதே?"

"எனக்குத் தெரியாதா? அவுகளுக்கு அது ஒரு சுத்து. நமக்கு அது ஊரு. ஒரு சுத்துக்கும் ஒரு ஊருக்கும் எது பெருசு? நீயே சொல்லு."

கணக்கு தலைவர் பக்கமே இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் அவர் மீண்டும் அழைத்தார். தலைவர் பக்கத்திலேயே, திரையில் தெரியாதவாறு, முக்காலியில் அமர்ந்திருந்தார். பெர்தா அம்மையார் புதிய நீச்சல் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் கொடிக்கயிறு கட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட செய்தியையும், முழங்கால் நீரில் மட்டும் வலிப்பதில்லை என்பதையும், பல மாதங்களுக்குப் பிறகு முந்தின இரவு நன்கு உறங்கினதையும் கூறினார்.

"எதோ சொல்ல வந்தியேத்தா. என்ன?"

தலைவர் முழங்கையால் இடித்தார்.

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வயித்தோட எறங்காதீக. சொல்லலாம்னுதான் கூப்புட்டேன்."

அழைப்பு முடிந்ததும் அங்குச்சாமி முக்காலியிலிருந்து எழுந்தார். "ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். தண்ணி வராட்டி ஊருக்கு நீயே பதில் சொல்லிக்க."

"சொல்லிக்கிறேங்கய்யா" என்றார் முத்துராக்கு.

*

இருபத்தொன்பதாம் நாள் கருவியின் அளவீட்டு நேரம், பேரூராட்சியின் சிறப்பு வேண்டுகோளின்படி, முற்பகல் பதினொன்றுக்கு மாற்றப்பட்டது. ஹங்கேரியில் அப்போது காலை ஏழரை மணி. பேருந்து நிலையத்தில் பெரிய திரை நிறுவப்பட்டது. ஊரார் பந்தலின்கீழ் அமர்ந்தனர். ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருந்தது. பெரும்பாலோர் பக்கத்தில் குடமும் இருந்தது. ஒலிவாங்கி முத்துராக்குவிடம் கொடுக்கப்பட்டது. திரையின் மூலையில் தாகமானியின் எண் ஒளிர்ந்தது. அப்போது அது ஐம்பத்திரண்டு.

பெர்தா சில்வாஷி குளத்தில் இறங்கினார். அறுபத்திரண்டு வயது உடலை நீர் ஒரு கணம் தயங்கிப் பார்த்துவிட்டு, அடையாளம் கண்டுகொண்டதுபோல் ஏந்திற்று. குளத்தின் ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியைப் பிடித்திருந்தார்.

முதற்சுற்று தொடங்கியபோது பந்தலின் பின்வரிசையில் யாரோ "லாசி" என்றார். "லாபம்" என்றார் இன்னொருவர். இரண்டாம் சுற்றில் ஒன்பதாயிரம் பேரும் "மார்தா" என்றார்கள். வேகம் குறைந்திருந்தது. இடத்தோள் சரியாக எழவில்லை. எண் அறுபது, அறுபத்தாறு என ஏறியது. மூன்றாம் சுற்றில் ஓரிடத்தில் அம்மையார் நீர் குடித்து இருமினார், எண்பது. "பிஷ்டாத்தா, பிஷ்டா!" என்று பெண்கள் கத்தினார்கள். கொடிக்கயிறு கடந்தது. அவர் கை சுவரைத் தொட்டது.

அவர் நின்றுவிட்டார்.

இரு கைகளாலும் சுவரின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மார்பு ஏறியிறங்க, மூச்சுத் திணறி, அவர் கைபேசியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். காதில் நீர் வழிந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை.

"முடிஞ்சிருச்சாத்தா?" என்று அவர் கேட்டார். "எனக்கு... நெனப்புத் தப்பிருச்சு. முடிஞ்சிருச்சா?"

பந்தலில் ஒன்பதாயிரம் பேரின் மூச்சும் நின்றது. தாகமானி தொண்ணூற்றெட்டு காட்டியது. பேருந்து நிலையத்தின் மூலையில் இருந்த தெருக்குழாய் இருமி, உறுமி, காற்றைக் கக்கத் தொடங்கியது. எவரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

அங்குச்சாமி முத்துராக்குவின் காதருகே குனிந்தார். அவர் அதட்டவில்லை. கெஞ்சினார். "ஆமான்னு சொல்லு தாயி. ஒரே ஒரு சொல்லு. அவுகளுக்கும் மூச்சு முட்டுது. ஆமான்னு சொன்னா அவுகளும் வெளிய வந்துருவாக. யாருக்கும் நட்டமில்ல."

அவர் கூறியதில் பிழை இல்லை. அம்மையாரும் நம்பிவிடுவார், மகிழ்ச்சியோடு கரையேறுவார், பதிவு நிலைத்திருக்கும், குழாயும் நிலைத்திருக்கும். முத்துராக்கு ஒலிவாங்கியை வாயருகே கொண்டு சென்றார்.

"இல்லக்கா" என்றார். "இன்னும் கதி இருக்கா."

திரையில் அந்த முகம் ஒரு கணம் அசைவற்றிருந்தது. பிறகு பெர்தா சில்வாஷி மல்லாந்து, கால்களைச் சுவரில் ஊன்றி, உந்தினார்.

அந்த ஐம்பது மீட்டரை அவர் நீந்தி முடிக்க இரண்டு நிமிடமும் பதினோரு வினாடியும் ஆயின. இருபது மீட்டர் கடந்ததும் பந்தலில் ஒருவர் எழுந்தார். முப்பதில் அனைவரும் எழுந்தார்கள். கதி, கதி என்று, கண்டிராத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஊர் முழுவதும் கூவியது. "யாரும் சந்தோசப்படாதீங்க! கொஞ்சம் பதறுங்க!" என்று ஜெசிந்தா மேடையிலிருந்து கத்திப் பார்த்தார்; அவருடைய குரலே தழுதழுத்து உடைந்தது. எண் எழுபது, ஐம்பது, முப்பது என இறங்கியது. கொடிக்கயிறு கடந்தது. கை சுவரைத் தொட்டது. அம்மையார் இரு கைகளையும் உயர்த்தினார்.

ஒன்பதாயிரம் பேரும் தத்தம் இரு கைகளையும் உயர்த்தினார்கள். அங்குச்சாமியும் உயர்த்தினார். அதன்பின் ஏன் உயர்த்தினோம் என்று தம் கைகளையே பார்த்தார்.

திரையின் மூலையில் சுழியம் தோன்றியது. அதன் கீழே, பிழையற்ற தமிழில், "இவ்வூரின் தாகம் முற்றிலும் தணிந்தது. வாழ்த்துகள்" என்ற வாசகம் எழுந்தது. தெருக்குழாய் கடைசியாக ஒருமுறை விக்கிவிட்டு அடங்கியது.

அம்மையார் போர்வை சுற்றிக் குளக்கரையில் அமர்ந்திருந்தார். பற்கள் தந்தியடித்தன. முகம் மலர்ந்திருந்தது.

"வந்துச்சாத்தா தண்ணி?"

முத்துராக்கு பந்தலைப் பார்த்தார். பந்தல் அவரைப் பார்த்தது.

"வந்துருச்சுக்கா" என்றார் அவர். "பொங்கி வருது."

"கேக்கணும் போல இருக்கு. நான் தண்ணியக் கண்ணால பாத்து நீந்துனவ இல்லத்தா. காதுல கேட்டு நீந்துனவ. கொஞ்சம் கிட்ட வச்சுக் காட்டு."

ஊரின் மேல்நிலைத் தொட்டியில் அப்போது எஞ்சியிருந்தது சேறு மட்டுமே.

அங்குச்சாமி மேடையை விட்டு இறங்கினார். பேருந்து நிலையத்தை அடுத்தே அவருடைய வீடு இருந்தது. மகளின் பேறுகாலத்துக்கென்று நிரப்பி, வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்த செப்புத் தவலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். தேநீர்க்கடைக்காரர் தம் அண்டாவைக் காலி செய்து முன்னே வைத்தார். முத்துராக்கு ஒலிவாங்கியை அண்டாவின் விளிம்பில் பிடித்தார். தலைவர் தவலையைச் சாய்த்தார். மெல்லிய, சீரான தாரையாக நீர் விழுந்தது.

"ஆமாத்தா" என்றார் பெர்தா சில்வாஷி, கண்களை மூடிக்கொண்டு. "நல்லா வருது."

தவலை காலியாகும் தறுவாயில் அங்குச்சாமி தாரையை இன்னும் மெலிதாக்கினார். அவர் அருகே ஒரு பெண், வீட்டில் சேமித்திருந்த நீர்க்குடத்தோடு வந்து நின்றாள். தவலையின் கடைசிச் சொட்டு விழும் முன்பே அவள் குடத்தின் தாரை தொடங்கியது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால், பந்தலின் கோடி வரை, இடுப்பில் குடங்களோடு வரிசை உருவாயிற்று. யாரும் முந்தவில்லை, யாரும் சண்டையிடவில்லை. அண்டா நிறைய நிறைய, அதிலிருந்தே முகந்து குடங்களை மீண்டும் நிரப்பி, வரிசையின் கடைசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் ஜெசிந்தா.

அம்மையார் அழைப்பைத் துண்டிக்கும்வரை அவ்வோசை அறுபடவில்லை.